கிணற்றில் போடச் சொன்ன சீட்டு

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, எட்டாவது பரீட்சை எழுதி முடித்திருந்த அக்கா, நாலாவது எழுதியிருந்த நான், இன்னும் பள்ளிக்கூடம் சேராத தம்பி, பேரிகைச் சந்தையிலிருந்து நேராக வந்து இறங்கியிருந்த மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஏழாவதாக யாரையாவது சேர்க்க வேண்டுமென்றால் சுவரில் பெருமாள் இருந்தார், படத்தில். நடந்தது பூராவும் தெரிந்தவர்கள் மாமா, நான், பெருமாள் ஆக மூன்று பேர்தான் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் தீவனம் அளந்து போடும் வேலை. மாடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால் அவருக்கும் கிடையாது. அந்த வருஷம் யுகாதி கழிந்து அவருக்கு ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டார்கள். லீவு என்ற ஒன்றை எங்கள் வீடு அதுவரை கண்ணால் கண்டதில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அக்காவைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. "எட்டாவது எழுதி முடி, நீ சொல்ற ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று தை மாசமே அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே அக்கா ஊரைச் சொல்லிவிட்டாள். பெங்களூர்.

அவள் பெங்களூர் கேட்டது பூந்தோட்டம் பார்ப்பதற்காக இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். அவளுக்கு ஏழாவதில் பாடம் எடுத்த டீச்சரம்மா கல்யாணமாகி பெங்களூரில் இருந்தார். அவர் ஒரு கார்டு போட்டிருந்தார். லீவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, உன்னை மேலே படிக்க வைக்கச் சொல்லி நான் பேசுகிறேன், என் பேச்சைத் தட்டமாட்டார் என்று. அக்கா அந்தக் கார்டைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். ஒரு ராத்திரி போர்வைக்குள் என்னைப் படிக்கச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாதென்று தலையில் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்துவிட்டு எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் உளறிவிட்டால் அவள் தலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு படுத்தேன். அப்போதிருந்தே நான் அப்படித்தான். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் இன்றுவரை நான் எங்கேயும் போனதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம்.

"பெங்களூரா?" என்றார் மாமா, யாரோ அடுத்த தெருவுக்குப் போகக் கேட்டது போல. அவர் எங்கள் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். "பஸ்ஸுல ஏறி ஒரு தூக்கம் போட்டா பெங்களூரு. அதுக்கு எதுக்கு மாமா ஒரு வாரம் லீவு? பூவுதான் பாக்கணும்னா தளிப் பக்கம் போனா காசில்லாம பாக்கலாம். லீவுன்னா புள்ளைங்களுக்கு உடம்பு சிலிர்க்கணும். திரும்பி வந்து ஆறு மாசம் அதையே பேசணும்."

"அப்ப எங்க போகணுங்கிற?" என்றார் அப்பா.

"ஒகேனக்கல்."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் மாமாவே பேசினார். பென்னாகரம் வரை பஸ், அப்புறம் காட்டு வழியில் மாட்டு வண்டி. யானை குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி வழிவிட்டுப் போக வேண்டும். கீழே காவேரி பாறையைப் பிளந்துகொண்டு விழும், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அந்தத் தண்ணீரில் பரிசல், அதாவது மூங்கிலால் பின்னி அடியில் தோல் போர்த்திய பெரிய கூடை. பரிசல்காரன் ஆற்று நடுவுக்குக் கொண்டுபோய்ப் பம்பரம் மாதிரி சுற்றுவான்.

"யானை நெஜமா வருமா மாமா?" என்றான் தம்பி.

"நீ வர்றேன்னு சொல்லியனுப்புனா வரும்."

"கூடைல ஓட்டை இருந்தா?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். "இவ கொட்டாங்குச்சித் தண்ணில முழுகறவ" என்றார் மாமா. "இவளுக்குத் தனியா ஒரு கயிறு கட்டிக் கரையில உட்டுட்டுப் போலாம்."

அக்கா சிரிக்கவில்லை. யானைக்கும் தண்ணீருக்கும் பயப்படுகிற ஜாதி இல்லை அவள். பண்ணைக் காளைகளுக்கு நடுவே குறுக்குவழியாகப் பள்ளிக்கூடம் போய் வந்தவள். மாமா பரிசலைச் சொன்னபோது அவள் கண் ஒரு நிமிஷம் விரிந்ததை நான் பார்த்தேன். ஆனாலும், "அங்க இன்னொரு தரம் போலாம். அப்பா எனக்குத்தானே வாக்குக் குடுத்தாரு?" என்றாள்.

அப்பா விளக்குத் திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எங்க போகணும்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "மாதேஸ்வரன் மலைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்குது" என்றாள்.

"ஆளுக்கு ஒரு ஊரு. சண்டை எதுக்கு? பெருமாள் கிட்ட உட்டுடலாம்" என்றார் அப்பா. "சீட்டுப் போடு."

எங்கள் வீட்டில் மாடு வாங்குவதானாலும் பிள்ளைக்குப் பேர் வைப்பதானாலும் பெருமாள் முன்னால் சீட்டுப் போடுவதுதான் வழக்கம். அதற்கு முறைகள் உண்டு. ஒருவர்தான் எழுத வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளைதான் எடுக்க வேண்டும். எடுத்த சீட்டைப் பிரித்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். எடுக்காத சீட்டுகளைப் பிரிக்கவே கூடாது, அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் பெருமாளைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதுவது எப்போதும் மாமாதான். மூன்று துண்டு கிழித்துத் திரும்பி உட்கார்ந்து எழுதினார், சுருட்டினார், சொம்பில் போட்டுக் குலுக்கினார்.

"மூணும் எழுதிட்டயா?" என்றாள் அம்மா.

"எழுதியாச்சுக்கா."

தம்பி கையை விட்டு ஒன்றை எடுத்தான். மாமா பிரித்து, "ஒகேனக்கல்!" என்று கூவி அவனைத் தலைக்கு மேல் தூக்கினார். அப்பா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது முகம் தெளிவாகத்தான் இருந்தது. பெருமாள் சொன்னால் அவளுக்குச் சரி. கார்டை இன்னொரு லீவு வரைக்கும் வைத்திருக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

மீதி இரண்டு சீட்டை எடுக்க மாமா சொம்பில் கைவைத்தார். "குடுக்கா, நானே போட்டுட்டு வரேன்."

"நீ எதுக்கு? அவ போடட்டும்" என்று அம்மா சொம்பை வாங்கிச் சீட்டுகளை என் கையில் வைத்து மூடினாள். "பிரிக்காத. போ."

கிணறு வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்தது. நடக்க நடக்க எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. மாமா அவசரத்தில் பெங்களூரை எழுத மறந்திருந்தால்? எழுதியிருந்து வரவில்லையென்றால் பெருமாள் பொறுப்பு. எழுதவே இல்லையென்றால் அக்கா ஏமாந்தவள் அல்லவா? பார்த்துவிட்டு மறுபடி சுருட்டிவிடலாம். ஒரு சீட்டைப் பிரித்தேன். ஒகேனக்கல். இன்னொன்றையும் பிரித்தேன். அதுவும் ஒகேனக்கல்.

மாமாவுக்கு ஏதோ தப்பு நேர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் பீடி வாசனை வந்தது.

"மாமா, ரெண்டுலயும் அதேதான் இருக்குது."

அவர் வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சீட்டைப் பிரிச்சயா?" என்றார்.

தப்பு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லியா? இப்ப நீ போய் வாயைத் தொறந்தயின்னு வையி, தம்பி எடுத்த சீட்டு செல்லாமப் போயிரும். சாமி குத்தம். செல்லாத சீட்டை வெச்சுக்கிட்டு காட்டுல வண்டி இறங்குனா என்னாகும்? ஆத்துல பரிசல் போனா என்னாகும்? யோசிச்சுக்க."

நான் யோசித்தேன். அதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வண்டி குடைசாய்ந்தது, பரிசல் கவிழ்ந்தது, தம்பியின் சட்டை மட்டும் தண்ணீரில் மிதந்தது.

"அப்ப பெங்களூரு?" என்றேன்.

"அடுத்த வருசம் நானே கூட்டிட்டுப் போறேன், போதுமா? அழாத. உனக்கு எட்டணா தரேன். இந்தா ரெண்டணா. மிச்சம் ஆறணா போய்ட்டு வந்து. ஒருத்தர் கிட்டயும் மூச்சு உடக் கூடாது."

எட்டணா என்பது அன்றைக்கு எனக்கு எண்ண முடியாத பணம். சீட்டுகளை என் கையிலிருந்து வாங்கித் துண்டு துண்டாகக் கிழித்துக் கிணற்றில் உதறினார். நான் இரண்டணாவைப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அம்மா அடுப்பெதிரில் உட்கார்ந்திருந்தாள். "போட்டயா?" என்றாள்.

"போட்டேம்மா."

"அப்படியேவா போட்ட?"

"அப்படியேதாம்மா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் சொல்பேச்சுக் கேட்டேனா என்று சோதிக்கிறாள் போலிருக்கிறது, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் கிளம்பினோம். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ், தருமபுரியில் ஒரு பஸ். வழி நெடுக நான் பஸ்ஸின் பின்சக்கரத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன். பென்னாகரத்தில் இறங்கினால் இரண்டு கூண்டு வண்டிகள் வைக்கோல் பரப்பித் தயாராக நின்றன. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர், கூட ஒரு தடித்த அம்மாள், இரண்டு குழந்தைகள்.

"அடடே! நீங்களும் ஒகேனக்கல்லுக்கா?" என்றார் மாமா.

அவர் அந்த ஊரிலேயே பெரிய புளி மண்டி வைத்திருக்கிறவர் என்றும், அந்த அம்மாள் அவருடைய அக்காள் என்றும், குழந்தைகளுக்குத் தாய் இல்லை என்றும் வண்டி ஏறுவதற்குள் தெரிந்துவிட்டது. தற்செயலாக வந்த அவர்கள் தற்செயலாகப் பத்துப் பேருக்குப் புளிச்சோறு கட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் ஆறு, அவர்கள் நாலு. எண்ணிப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை, என் கவனமெல்லாம் காட்டில் யானை வருகிறதா என்பதில் இருந்தது. யானை வரவில்லை.

அந்த அம்மாள் அக்காவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். இறங்குவதற்குள் தலையைப் பின்னிவிட்டுப் பூ வைத்திருந்தாள். பாறையில் அக்காவைக் குடத்தோடு தண்ணீர் மொண்டு வரச் சொல்லி, அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல, கால் ஊனி நடக்குது" என்று மண்டிக்காரரிடம் சொன்னாள். சின்னப் பையன் புளிச்சோற்றுக் கையை அக்காவின் தாவணியில் துடைத்தான். அக்கா திட்டாமல் அவன் கையைக் கழுவிவிட்டாள். யாராயிருந்தாலும் கழுவிவிட்டிருப்பாள், தம்பிக்குத் தினமும் செய்கிறதுதானே.

பிறகு பரிசல். அக்காதான் முதலில் குதித்து ஏறினாள். தம்பி, அந்த இரண்டு குழந்தைகள், அந்த அம்மாள், எதிர்ப்பக்கம் மண்டிக்காரர். அப்பாவும் மாமாவும் கரையில் நின்று புகைத்தார்கள். நான் வரமாட்டேன் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ போகலயா?"

"பயமா இருக்குதும்மா."

"எல்லாத்துக்கும் பயந்தே செத்தா என்னடி பண்றது" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். அருவிச் சத்தத்தில் அவள் பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது. பிறகு காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அன்னிக்கு அந்தச் சீட்டை அப்படியேதான போட்ட?" என்றாள்.

பரிசல் ஆற்று நடுவில் இருந்தது. அதில் தம்பி இருந்தான், அக்கா இருந்தாள். இப்போது போய் வாயைத் திறப்பதா?

"அப்படியேதாம்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பரிசல்காரன் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுச் சுற்றினான். குழந்தைகள் வீறிட்டன. அந்த அம்மாள் பெருமாளே பெருமாளே என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அழுத குழந்தையை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள். அருவியையும் மீறி அந்தச் சிரிப்பு பாறைக்குக் கேட்டது. கரைக்கு வந்ததும் அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே, "சிரிச்ச மூஞ்சி. புள்ளைங்களும் ஒட்டிக்கிச்சு. வேற என்ன வேணும் நமக்கு?" என்றாள். மாமா பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

நாங்கள் ஊர் திரும்பிய மறுவாரம் வெற்றிலை பாக்கோடு அவர்கள் வந்தார்கள். வரதட்சிணை வேண்டாம், பொண்ணை மட்டும் கொடுங்கள் என்றார்கள். மண்டிக்காரருக்கு அக்காவைப் போல இரண்டு பங்கு வயசு. அவர்கள் போன பிறகு அக்கா அப்பாவிடம், "என்னை ஒரு வார்த்தை கேக்கலயேப்பா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

"பெருமாள் கிட்டக் கேட்டமே, தாயி" என்றார் அப்பா. "நாமளா போனம்? பெங்களூருன்னு வந்திருந்தா பெங்களூரு போயிருப்பம். அவருதான அந்த ஊரைக் காட்டுனாரு. காட்டுன எடத்துல அமைஞ்சுது."

அக்கா சுவரைப் பார்த்தாள். பதில் என்னிடம் இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பாவாடை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றிலும் ஒரே ஊர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சாமி குத்தம் தம்பி தலையில் விழுந்துவிடுமே என்று நின்றேன். ஆறணா வராமல் போய்விடுமே என்றும் நின்றேன். இதில் எது முதலில் தோன்றியது என்று எனக்கே நிச்சயமில்லை, எவ்வளவோ தரம் யோசித்தாகிவிட்டது.

வைகாசியில் கல்யாணம். மாமா ஓடி ஓடி வேலை செய்தார். பந்தலில் அவரைப் பிடித்து ஆறணாவைக் கேட்டேன். "கல்யாணச் செலவு முடியட்டும்டி" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அக்கா வண்டி ஏறும்போது என்னைக் கூப்பிட்டு அந்தப் பூகோளப் புத்தகத்தைக் கொடுத்தாள். "நீயாவது படி" என்றாள். கார்டு உள்ளேயே இருந்தது. பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. பாஸ்.

நான் படிக்கவில்லை. அக்கா செய்துகொண்டிருந்த வேலையை யாராவது செய்ய வேண்டுமே. தண்ணீர் எடுப்பது, சாணி தட்டுவது, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது. ஐந்தாவது பாதியில் என்னை நிறுத்திவிட்டார்கள். மாமா அந்த வருஷத்திலிருந்து ஓசூர்ப் பக்கத்துப் புளியெல்லாம் அந்த மண்டிக்கே வாங்கிப் போடுகிற ஆளாகிவிட்டார். அடுத்த யுகாதிக்குப் புதுச் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தார். பெங்களூரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா கஷ்டப்பட்டாள் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. மூத்தவள் பிள்ளைகள் இரண்டு, அவள் பெற்றது மூன்று. நான் போகும்போதெல்லாம் முற்றத்தில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பாள். விரலெல்லாம் கறுப்புக் கறை. அப்புறம் அவள் சிரிக்கவே இல்லை என்றால் பொய். சிரிப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு. பெங்களூரையும் கடைசியில் பார்த்தாள், நாற்பது வயசுக்கு மேல், ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அந்தப் பரிசலு ஞாபகம் இருக்குதாடி உனக்கு?" என்று அவளே ஆரம்பித்தாள். "என் ஆயுசுல அந்த ஒரு நாள்தான்டி." அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

மாமாவின் மேல் எனக்கு இருக்கிற கோபம் பழசு, அது பழகிவிட்டது. இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. எங்கள் அம்மா என்னைத் தனியாகக் கிணற்றுப் பக்கம் விட்டதே கிடையாது. எட்டிப் பார்த்தால்கூட ஓடிவந்து இழுப்பாள். அந்த வெள்ளிக்கிழமை மட்டும், போடுகிறேன் என்று கை நீட்டிய மாமாவை விட்டுவிட்டு, என்னை அனுப்பினாள். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள் என்று வீடே கேலி செய்கிற, படிக்கத் தெரிந்த பெண்ணின் கையில் வைத்து, பிரிக்காதே என்று சொல்லி அனுப்பினாள். வந்ததும் ஒரு தரம் கேட்டாள், பாறைமேல் ஒரு தரம் கேட்டாள். புருஷனையும் கூடப்பிறந்தவனையும் எதிர்த்துத் தன் வாயால் சொல்ல முடியாததை அவள் என் வாயிலிருந்து எதிர்பார்த்தாள் என்பது எனக்குப் புரிந்தபோது அம்மா இல்லை. அவள் என்னைச் சோதிக்கவில்லை. கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அணா செல்லாமல் போய்ப் புதுக்காசு வந்தபோது கணக்குப் போட்டு வைத்தேன். வாங்கியது இரண்டணா போக அவர் எனக்குத் தர வேண்டியது ஆறணா. முப்பத்தேழு காசு.